ஆட்டுக்குட்டி இல்லாத வஜ்ராசனம்

அர்ச்சுனன் குனிந்தால் அவன் உள்ளங்கை இரண்டும் தரையில் பதியும். இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் எத்தனையோ பேர் குனிகிறார்கள். நாற்று நடுகிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சால்வை போர்த்தியதில்லை. அர்ச்சுனனுக்குப் போர்த்தினார்கள். போர்த்தும்போது என் மனைவி டெய்சி கை தட்டினாள். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அவனுக்கும் எனக்கும் அடுத்தடுத்த ஷெட். அவன் கரண்டுக்கு ஃப்யூஸ் கட்டை செய்கிறவன். நான் பொம்மை செய்கிறவன். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒரே கடையில் டீ, ஒரே தட்டில் மெதுவடை. அவன் தொந்தியும் என் தொந்தியும் ஒன்றாக வளர்ந்தவை. ஒரு மனஸ்தாபமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த சினேகிதம் அது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் பெண்ணாடம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் 'பிரபஞ்சப் பேரமைதி யோக இயக்கம்' தன் கிளையைத் திறந்தது. அன்றோடு அது கெட்டது.

அப்போது டிவியைப் போட்டால் காலையில் யாராவது ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டிருப்பார். ஊரே இழுத்துக்கொண்டிருந்தது. டெய்சியும் இழுக்க ஆசைப்பட்டாள். அவளைக் கொண்டுபோய் விடுவதற்காகப் போன என்னையும் உட்காரவைத்துவிட்டார்கள். முன்னால் பார்த்தால் அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தான். அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பத்து நாள் முன்பே சேர்ந்திருந்தான்.

இயக்கத்தில் எல்லோரும் சமம். அந்தச் சமத்தை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக நிறம் பிரித்துப் பாய் போட்டிருந்தார்கள். முன்வரிசைக்கு நீல வெல்வெட் பாய். அடுத்த வரிசைக்குப் பச்சை ரப்பர் பாய். கடைசி வரிசைக்கு மண்டபத்திலேயே கிடந்த கோரைப்பாய். அதில் ஏதோ கல்யாணத்தில் கொட்டிய ரசத்தின் கறை இருக்கும். முன்வரிசைக்காரருக்கு 'பேரமைதியர்' என்று பட்டம். பச்சைப் பாய் 'அமைதியர்'. கோரைப்பாய்க்குப் பட்டம் கிடையாது. "கடைசி வரிசை, சத்தம் போடாதீங்க" என்று மட்டும் அழைப்பார்கள்.

வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருக்கிறவரின் முதுகைப் பார்த்துக் கைகூப்பி, "முன்னவர் முதுகே என் வழிகாட்டி" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். முன்வரிசை யாரைப் பார்த்துச் சொல்லும் என்று கேட்கலாம். மேடையில் கிளைத் தலைவர் நடராசன் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவரில் தலைமையகத்து அம்மையார் அம்சவல்லியின் படம் மாட்டியிருக்கும். அந்தப் படத்திலும் அம்மையார் திரும்பித்தான் உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் நம் மதத்துக்கு ஒத்துவருமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "குனியறதுல பாவம் ஒண்ணும் இல்ல காஸ்பர். எதுக்கு முன்னாடி குனியறீங்க, அதான் கேள்வி" என்றார். அர்ச்சுனன் முதுகுக்கு முன்னால் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வந்துவிட்டேன்.

தொடக்கநிலை ஆசனங்கள் ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. தாடாசனம் என்றால் நிற்பது. இரண்டு பாதத்தையும் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, தோளைத் தளர்த்தி நிற்க வேண்டும். இதை நான் ஒரு வயதிலிருந்து செய்துவருகிறேன். இத்தனை காலமும் தப்பாகச் செய்துவந்திருக்கிறேன் என்று அங்கேதான் தெரிந்தது. விருட்சாசனம் என்றால் ஒரு காலில் நின்று மற்றக் காலின் பாதத்தைத் தொடையில் பதித்து, கைகளைத் தலைக்கு மேலே கூப்புவது. என் பாதம் தொடையில் நிற்காமல் வழுக்கியது. "ஆணவம் வழுக்குது" என்றார் நடராசன், திரும்பிப் பார்க்காமலே. திரிகோணாசனம் என்றால் காலை அகட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கையால் கணுக்காலைத் தொட்டு, மறுகையை வானத்துக்கு உயர்த்துவது. வஜ்ராசனம் என்றால் மண்டி போட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைப்பது. கடைசியில் சவாசனம். மல்லாந்து படுத்துக் கைகால்களைத் தளர விட்டுக் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். அது எனக்கு அருமையாக வந்தது. அதற்கு மட்டும் யாரும் பாராட்டுவதில்லை. குறட்டை விட்டேன் என்று புகார் வேறு.

வகுப்பு முடிந்து வண்டியில் திரும்பும்போது டெய்சி பின்னாலிருந்து ஆரம்பிப்பாள்.

"என்னாங்க, அர்ச்சுனன் அண்ணன் குனியறதப் பாத்தீங்களா? ரப்பரு கணக்கா வளையறாரு."

"ம்."

"தொந்தி எங்க போச்சின்னே தெரியல. பத்து வயசு கொறஞ்சாப்புல இருக்குது."

"ஷெட்டுல வேல இல்ல. ஆர்டரு இல்லாதவன் குனிஞ்சிக்கிட்டு இருக்கான்."

"அதுக்கும் இதுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

அண்ணன் என்றுதான் சொல்கிறாள். சந்தேகப்பட இடமில்லை. சந்தேகம் இருந்திருந்தால்கூடத் தேவலை, ஊரைக் கூட்டிச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது வேறு மாதிரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் செய்த எதையும் பார்த்து அவள் 'பாத்தீங்களா' என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை என்னைப் பற்றி, அதுவும் அர்ச்சுனனின் காதுபட, அவள் அதைச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பிரபஞ்சம், பேரமைதி எல்லாம் யாருக்கு வேண்டும்?

அதனால் தினமும் போனேன். குனிந்து பார்த்தேன். என் விரல் முழங்காலைத் தாண்டவில்லை. நடராசனிடம் போய், எனக்கும் முன்வரிசைக்கு வர என்ன வழி என்று கேட்டேன். அவர் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இலாகா என்று சொல்லமாட்டார். எல்லா இலாகாவும் தன்னுடையது போலத்தான் நடப்பார்.

"மிஸ்டர் காஸ்பர், இங்க போட்டியே கிடையாது" என்றார். "போட்டி இல்லாத கிளைகள்ல மாவட்டத்துலயே நாமதான் முதல் எடம். அந்த எடத்த வேற எந்தக் கிளையும் பறிச்சிடக் கூடாதுன்னுதான் நான் தூக்கமில்லாம உழைக்கிறேன். பொறாமைங்கறது ஒரு நோய். அது நம்ம இயக்கத்துல யாருக்கும் இல்ல. அப்படி யாருக்காவது இருந்தா, முன்வரிசைக்காரங்களப் பாத்துப் பாத்துத் திருந்தணும். அதுக்குத்தானே அவங்களுக்கு வெல்வெட்டு?"

நான் பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைமைக்கு வந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் நடராசனே என் ஷெட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். தொடக்கநிலை ஆசனங்களுக்குக் கிளைதோறும் மாதிரிப் பொம்மைகள் வைக்க வேண்டும் என்று தலைமையகம் உத்தரவு போட்டிருந்தது. பொம்மையைப் பார்த்து ஜனங்கள் தங்களைத் திருத்திக்கொள்வார்களாம். அடுத்த வாரம் அம்சவல்லி அம்மையாரே நேரில் வந்து திறந்துவைக்கிறார்.

"உங்க கைவண்ணம், நம்ம அர்ச்சுனனோட உடல்வண்ணம்" என்றார் நடராசன். "அவர்தான் மாதிரியா உக்காரப் போறாரு."

அர்ச்சுனன் வந்தான். களிமண் மூட்டைமேல் துண்டை விரித்து வஜ்ராசனத்தில் உட்கார்ந்தான்.

"காஸ்பரு, எனக்கு வலது பக்கம்தான் நல்லா விழும். அந்தப் பக்கமாவே செய்யி" என்றான். பிறகு, "நெத்திய கொஞ்சம் அகலமா வையி" என்றான்.

என் ஷெட்டில் மெருகு வேலை பார்க்கும் பூவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. களிமண்ணைக் கையில் எடுத்தேன். இருபது வருஷமாக மகாலட்சுமிக்கும் மாதாவுக்கும் முகம் செய்த கை. அர்ச்சுனனைச் செய்யச் சொன்னால் வரமாட்டேன் என்றது. எத்தனை தடவை பிசைந்து வைத்தாலும் பழைய அர்ச்சுனன்தான் வந்தான், தொந்தியோடு. அவன் பார்த்துவிட்டு, "இது நீதான்டா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதிதாக உருவம் செய்து, பிளாஸ்டர் அச்சு எடுத்து, அந்த மழையில் அச்சைக் காயவைத்து, வார்த்து, சூளையில் இரண்டு தடவை சுட்டு எடுக்க ஒரு மாதமாவது ஆகும். கையில் இருந்தது ஒரு வாரம்.

"எதுக்கு மொதலாளி மண்டையப் போட்டு ஒடச்சிக்கிறீங்க?" என்றாள் பூவாயி. "நம்மகிட்ட இல்லாத ஒடம்பா? மண்டி போட்டவன் வேணும்னா நம்ம இடையன் மண்டி போட்டுக்கிட்டுத்தான கெடக்கான்."

எங்கள் தொழிலில் இது ஊரறிந்த வழக்கம். உடம்பு ஒன்று, வேஷம் பல. போன வருஷத்து முருகனுக்கு வேலுக்குப் பதில் தடியைக் கொடுத்தால் இந்த வருஷத்துக் காவல்காரன். கல்யாண செட்டின் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையை மாற்றினால் தேசத் தலைவர். பேட்டையில் எந்தப் பொம்மையும் தன் சொந்த உடம்போடு பிறந்ததில்லை.

குடில் பொம்மை செட்டில் குழந்தை இயேசுவைப் பார்த்து மண்டியிட்டிருக்கும் இடையனை வஜ்ராசனத்துக்கு எடுத்தோம். அவன் இடது கையை மார்புக்கு முன்னால் வளைத்து ஒரு ஆட்டுக்குட்டியை அணைத்திருப்பான். ஆட்டுக்குட்டி தனி அச்சு. அதை ஒட்டாமல் விட்டோம். விருட்சாசனத்துக்குக் கொலு செட்டின் கண்ணன். புல்லாங்குழலை எடுத்தோம், விரல்கள் வாயோரமே நின்றன. திரிகோணாசனத்துக்குக் கிரிக்கெட் செட்டில் பந்து பொறுக்கச் சாய்ந்தவன். தொப்பியைச் சுரண்டிவிட்டோம், தொப்பியைப் பிடித்த கை மண்டையிலேயே தங்கிவிட்டது. சவாசனத்துக்குக் குழந்தை இயேசுவை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கும் ஒரு வரம்பு உண்டு. பள்ளிகொண்ட பெருமாளின் பாம்பை நீக்கிவிட்டு அவரை எடுத்துக்கொண்டோம். தலைக்குக் கை வைத்து ஒருக்களித்தபடி இருந்தார். எல்லோருக்கும் வெள்ளை வேட்டி, ஒரே மாதிரி மீசை. மீசை பூவாயி போட்டது.

யாரும் கூர்ந்து பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பொம்மையைப் பார்த்து ஒரு ஊரே உட்காரும் என்று எனக்கு என்ன தெரியும்?

அம்சவல்லி அம்மையார் வந்தார். மேடையில் வெள்ளைத் துணி விலகியது. அம்மையார் ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துக்கொண்டே வந்து இடையனிடம் நின்றார். அர்ச்சுனன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். டெய்சி கூப்பிய கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடக்கை" என்றார் அம்மையார் மைக்கில், "ஏன் இப்படி வளைந்திருக்கிறது?"

நடராசன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மையார் கண்ணை மூடினார், திறந்தார்.

"எனக்குத் தெரியாததால் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நானே பலமுறை அடக்கத்தோடு சொல்லியிருக்கிறேன். நாம் இதுவரை வஜ்ராசனத்தில் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துவந்தோம். அது வெறும் உட்காருதல். இந்தக் கை பிரபஞ்சத்தை அணைக்கிறது. தலைமையகத்தில் நாங்கள் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த முத்திரை இது. எங்களுக்கே தெரியாமல் தேடிக்கொண்டிருந்தோம். இந்தக் கைக்குச் சொந்தக்காரர் யார்?"

நடராசன் அர்ச்சுனனை முன்னால் தள்ளிவிட்டார். நான் அவன் முகத்தையே பார்த்தேன். என் ஷெட்டில் இரண்டு கையையும் தொடையில் வைத்து உட்கார்ந்தவன் அவன். ஒரு விநாடி முழித்தான். பிறகு இடக்கை மெல்ல, தானாக, வளைந்தது.

"எனக்கு அப்படித்தாங்க வரும்" என்றான். "நான் ஒண்ணும் பண்றதில்லங்க. அதுவா வருது."

அன்றைக்குத்தான் சால்வை. டெய்சி கை தட்டியதும் அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு விருத்தாசலத்தில் வஜ்ராசனம் என்றால் இடக்கை வளைய வேண்டும். திரிகோணாசனம் என்றால் ஒரு கை மண்டையில் இருக்க வேண்டும். விருட்சாசனத்தில் விரல்கள் வாயோரம். ஒற்றைக்காலில் அப்படி நின்றால் கவிழத்தான் செய்யும். கவிழ்ந்தவர்களுக்கு "ஆணவம்" என்று விளக்கம் தயாராக இருந்தது. சவாசனத்தில் ஊரே தலைக்குக் கை கொடுத்து ஒருக்களித்துப் படுத்து, சாப்பாடு முடித்தவர்களைப் போல மேடையைப் பார்த்தது. தோள் வலிக்கிறது என்று நாலு பேர் முறையிட்டார்கள். "வலிச்சா ஆசனம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் நடராசன். "வலிக்காதவங்கதான் பயப்படணும்." அதைக் கேட்டு வலிக்காதவர்களுக்கும் வலிக்கத் தொடங்கியது.

மற்றக் கிளைகள் சும்மா இருக்குமா? மங்கலம்பேட்டை கேட்டது, திட்டக்குடி கேட்டது. மங்கலம்பேட்டையிலிருந்து துபாய்க்குத் திரும்பிய ஒருவர் ஒரு செட்டைச் சட்டைகளுக்கு நடுவே சுற்றி எடுத்துப்போனார். அங்கேயும் இப்போது இடக்கை வளைந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பெண்ணாடத்துக்குப் போன செட்டில் மட்டும், கரண்டு கட்டாகிச் சூளைச் சூடு முன்னே பின்னே ஆனதில், திரிகோணாசனக்காரன் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்துவிட்டான். மாற்றித் தருகிறேன் என்றேன். பெண்ணாடத்தார் மாற்ற மறுத்துவிட்டார்கள்.

மறுநாளே நடராசன் மூச்சிரைக்க ஷெட்டுக்கு வந்தார்.

"பெண்ணாடத்துக்காரன் நம்மள விடச் சாஞ்சிருக்கான். இது எப்படி நடந்துச்சு?"

"சூளையில வளைஞ்சிட்டுதுங்க."

"அப்ப நம்மளதயும் வளைங்க. அவன விட ஒரு வெரக்கடையாவது கூட."

"அதுக்கு மேல சாஞ்சா விழுந்துடுங்க."

"விழட்டும். மொதல்ல சாயட்டும்" என்றார். பேரமைதி இயக்கத்தின் கிளைத் தலைவர் கண்ணில் நான் தண்ணீரைப் பார்த்தேன். எனக்கு அவரை அப்போது முதல்முறையாகப் பிடித்தது. என் ஆள் போலத் தெரிந்தார்.

பிறகு தொடக்கநிலைத் தேர்வு வைத்தார்கள். தேறியவர்களுக்குப் பச்சைப் பாய். ஒவ்வொருவராக மேடைக்குப் போய்ப் பொம்மைக்குப் பக்கத்தில் அதே மாதிரி உட்கார்ந்து காட்ட வேண்டும். நான் வஜ்ராசனத்தில் உட்கார்ந்தேன். இடக்கையை வளைக்க மனசு ஒப்பவில்லை. இல்லாத ஆட்டுக்குட்டியை எப்படி அணைப்பது?

"கை வளையல" என்றார் நடராசன்.

"ஐயா, அந்தப் பொம்மைய செஞ்சவனே நான்தாங்க."

"செஞ்சவரு வேற, உணந்தவரு வேற. பானை செய்யறவருக்குப் பானை தெரியும், தண்ணி தெரியுமா? அர்ச்சுனனப் பாருங்க. பாத்துக் கத்துக்குங்க."

அர்ச்சுனன் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து வளைத்துவிட்டான். மெதுவாக, குழந்தைக்குச் சோறு பிசையக் கற்றுக்கொடுக்கிற மாதிரி. "இப்படி, காஸ்பரு. வெரல மேல தூக்கு. ஒண்ணும் அவசரமில்ல, ஒனக்கும் வரும்" என்றான். என் இடையனின் கையை எனக்கே கற்றுக்கொடுத்தான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கோரைப்பாயிலேயே கிடந்தேன். டெய்சி தேறிவிட்டாள். அவளுக்குப் பச்சைப் பாய். அதுவும் சரியாக அர்ச்சுனனுக்குப் பின்னால். தினமும் காலையில் என் மனைவி அவன் முதுகைப் பார்த்துக் கைகூப்பி, "முன்னவர் முதுகே என் வழிகாட்டி" என்று மூன்று தடவை சொன்னாள். கல்யாணத்தன்று கோயிலில் என்னிடம் வார்த்தைப்பாடு கொடுத்தபோதுகூட அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. வயிறு எரிகிறது என்பார்களே, அது உண்மையாகவே தொப்புளுக்கு மேலே எரியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஆண்டு விழா வந்தது. மறுபடியும் அம்சவல்லி அம்மையார், மறுபடியும் மேடை. பொம்மைகளுக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் அர்ச்சுனன் வஜ்ராசனத்தில் இடக்கையை வளைத்து உட்கார்ந்திருந்தான். பொம்மை செய்து கொடுத்தவர் என்று என்னையும் மேடையேற்றி, 'இரண்டு வார்த்தை' பேசச் சொன்னார்கள். சட்டைப் பையில் கைக்குட்டைக்குள் ஆட்டுக்குட்டி இருந்தது.

மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கங்க. இது அர்ச்சுனன் இல்லீங்க. இது எங்க கிறிஸ்துமஸ் குடில்ல இருக்கற இடையன். இவன் பிரபஞ்சத்த அணைக்கல. ஆட்டுக்குட்டிய அணைச்சிக்கிட்டிருந்தான். நேரமில்லாததால குட்டிய நான்தான் ஒட்டாம உட்டேன். அந்தச் சாஞ்சவன் பந்து பொறுக்கறவன். படுத்திருக்கறது பெருமாள்."

பையிலிருந்து குட்டியை எடுத்து இடையனின் கை வளைவில் வைத்தேன். அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. கையும் குட்டியும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை என்று கடைசிக் கோரைப்பாய்வரை தெரிந்தது.

மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. நடராசன் வெளுத்துப்போனார். அர்ச்சுனனின் வளைந்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அந்தக் கொஞ்ச நேரம், பேரமைதி என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. எவ்வளவு சுகம்! உடம்பில் ஒரு நரம்பு பாக்கியில்லாமல் தளர்ந்தது.

அம்சவல்லி அம்மையார் எழுந்து வந்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். பொம்மையைப் பார்த்தார். கண்ணை மூடினார், திறந்தார்.

"கேட்டீர்களா?" என்றார். "ஒரு பாமரரின் வாய் வழியாகப் பிரபஞ்சம் பேசியதைக் கேட்டீர்களா? இத்தனை நாள் நாம் வெறுங்கையோடு அணைத்தோம். தகுதி வரட்டும் என்று பிரபஞ்சம் காத்திருந்தது. இன்று குட்டியைக் கொடுத்துவிட்டது. இன்றிலிருந்து குட்டி இல்லாத வஜ்ராசனம் தொடக்கநிலை. குட்டியோடு செய்வது மேல்நிலை. நாங்கள் தவறு செய்ததாக யாரும் எண்ண வேண்டாம். இந்த இயக்கத்தில் தவறே கிடையாது. உண்மை கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. நடராசனுக்கு முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது.

"அம்மா, குட்டி எல்லாருக்கும் உண்டுங்களா?" என்று கேட்டார்.

"இங்கே எல்லோரும் சமம்" என்றார் அம்மையார். "முன்வரிசைக்கு உயிருள்ள குட்டி. மற்றவர்களுக்குப் பீங்கான்."

பீங்கான் குட்டிக்கான ஆர்டரை அங்கேயே, அந்த மேடையிலேயே, என் பேரில் அறிவித்தார்கள். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். சால்வை இல்லை, துண்டு.

பிறகு அர்ச்சுனனைப் பேசச் சொன்னார்கள். நான் நினைத்தேன், இவன் இதோடு தொலைந்தான், இனி என்ன சொல்லுவான் என்று. மைக் முன்னால் வந்து கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றான். நிமிர்ந்தபோது அவன் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.

"எனக்குத் தெரியுங்க" என்றான். "செய்யறப்பல்லாம் இந்தக் கையில ஏதோ ஒண்ணு வெதுவெதுன்னு இருக்கறாப்புலயே இருக்கும். வெளிய சொன்னா நம்ப மாட்டாங்கன்னு சொல்லாம இருந்தேன்."

பெண்கள் பக்கம் சிலர் அழுதார்கள். டெய்சி என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

வண்டியில் திரும்பினோம். கரும்பு லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. பின்னாலிருந்து அவள்தான் ஆரம்பித்தாள்.

"என்னாங்க."

"ம்."

"அது நம்ம இடையன்தான்னு எனக்கு மொத நாளே தெரியும்."

வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. "தெரியுமா?"

"பின்ன? வருஷா வருஷம் அவனத் தொடைச்சிக் குடில்ல வெக்கறவளே நான்தான. பூவாயி மீச போட்டா ஆளு தெரியாமப் பூடுமா?"

"அப்ப ஏன்டி வாயத் தொறக்கல? கை வேற தட்டுன?"

"தொறந்திருந்தா நீங்க மறுநாளே வூட்டுல போத்திக்கிட்டுப் படுத்திருப்பீங்க. அர்ச்சுனன் அண்ணன், அர்ச்சுனன் அண்ணன்னு நாலு வாட்டி சொன்னாத்தான் நீங்க காலையில எந்திரிக்கிறீங்க. நானும் வேற எப்பிடித்தான் உங்கள எழுப்பறது? பேண்டு இடுப்புல நிக்காம எறங்குதே, பாக்கலியா?"

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். துவைத்துத் துவைத்துத் துணிதான் தொய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ நிறைந்தது. அந்த வருஷம் முழுக்க எரிந்தது ஒரே நொடியில் அணைந்த மாதிரி இருந்தது. ஆக, இவள் புகழ்ந்தது எல்லாம் என்னை எழுப்புவதற்கு! அவன் வெறும் அலாரம்!

"அப்ப அவன் குனியறது ஒண்ணும் பெரிசில்ல" என்றேன். "எனக்காகத்தான் சும்மா சொல்லியிருக்க."

டெய்சி யோசித்தாள். யோசிக்காமலே பதில் சொல்லியிருக்கலாம்.

"அது இல்லீங்க" என்றாள். "குனியறது அவரு நெசமாவே நல்லாத்தான் குனியறாரு. அதுல போயி என்னாத்துக்குப் பொய் சொல்லணும்?"

நின்ற வண்டியை ரோட்டோரம் தள்ளி ஸ்டாண்டு போட்டேன். கழுத்திலிருந்த துண்டை எடுத்து ஹேண்டில்பாரில் போட்டேன். பாதத்தைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, மூச்சை நன்றாக இழுத்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, குனிந்தேன். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். விரல் முழங்காலைத் தாண்டியது. கெண்டைக்காலைத் தாண்டியது. கண் இருட்டியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறங்கினேன். நடுவிரல் நுனியில் ரோட்டோர மண் பட்டது. பட்டது, சத்தியமாகப் பட்டது.

"பாத்தியா?" என்று கத்தினேன், தலைகீழாகவே.

"முட்டி மடங்குது" என்றாள் டெய்சி.